மரத்துப்போன கன்னம்

மூக்கடைப்புக்கு எங்கள் ஊரில் யாரும் பஸ் ஏறுவதில்லை. பாம்புக்கடிக்கு ஏறுவார்கள், பிரசவத்துக்கு ஏறுவார்கள். மூக்கு அடைத்தால் நொச்சி இலை பறிப்பார்கள். அது வேலியிலேயே இருக்கிறது.

ஊர் திருச்சுழிக்கு வடக்கே, மானாவாரி நிலங்களுக்கு நடுவில். மதுரையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் துணை ஆசிரியராக வேலை பார்த்தேன். அப்போது காரியாபட்டியில் வாடகைக்கு இருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். மாமனார் இறந்து, நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை என்றானதும் கணவர் அழகரும் நானும் ஊருக்கே வந்துவிட்டோம். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை பெய்து கொத்தமல்லி விதைத்த வாரத்தில் இடது மூக்கு அடைத்தது. அப்போது ஊருக்கு மேற்கே சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். நான்கு நாட்களாகப் புகை தெருவிலேயே கிடந்தது. பாதி ஊர் தும்மிக்கொண்டிருந்தது. நானும் தும்மினேன். மற்றவர்களுக்கு இரண்டு மூக்கும் ஒழுகின. எனக்கு ஒன்று மட்டும் அடைத்தது. இந்த வித்தியாசத்தை இரண்டாம் நாளே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர, அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்புக்குள் வலி தொடங்கியது. குனிந்தால் உள்ளே கூழாங்கல் உருள்வது போல இருக்கும். முகத்து எலும்புகளுக்குள் காற்று மட்டுமே நிரம்பிய சிறு அறைகள் உண்டு. நெற்றியில், கண்களுக்கு நடுவில், கன்னங்களில், மூக்குக்குப் பின்னால். அவற்றைத்தான் சைனஸ் என்கிறார்கள். அந்த அறைகளின் வாசல் மூக்குக்குள் திறக்கிறது. சளியால் வாசல் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கும், பிறகு சீழ் பிடிக்கும். எங்கள் பக்கம் இதை நீர் கோத்துக்கொண்டது என்பார்கள். தவறான விளக்கம் என்று சொல்ல முடியாது.

நான்காம் நாள் பாளையம்பட்டியிலிருந்து பாண்டியம்மா மதினி வந்தார். என் கணவரின் அக்கா. அங்கே ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கடையை அடைத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையில் சுக்கு, மிளகு, கொம்பு மஞ்சள், நான்கு வட்டு கருப்பட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திறங்கினார். வந்தவர் என் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னத்தா, ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பிப்போய் இருக்கு. இவன் என்ன செஞ்சுக்கிட்டிருக்கான்?"

"மல்லி வெதச்சுக்கிட்டிருக்காக," என்றேன்.

"மல்லி எங்கயும் ஓடிப்போகாது. ஏலே அழகரு, அடுப்புல தண்ணியப் போடு."

அன்று முதல் மருத்துவம் முறையாக நடந்தது. காலையும் மாலையும் நொச்சி இலையும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஆவி. ஒரு நாளைக்கு மூன்று தடவை சுக்குமல்லிக் காபி, கருப்பட்டி போட்டு. மத்தியானம் கொம்பு மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுக்க வேண்டும். படுக்கும் முன் சுக்கையும் மிளகையும் உரைத்து நெற்றியிலும் இடது கன்னத்திலும் கனமாகப் பற்று. உரைப்பது என் கணவர். நாற்பது குறுக்கம் நிலம் உழுத கை, கல்லில் சுக்கை அரைமணி நேரம் பொறுமையாகத் தேய்க்கும். பற்றைச் சூடாக இருக்கும்போதே என் முகத்தில் விரலால் தடவி, காய்கிறவரை ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஆவி பிடித்ததில் பலன் இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் அடைப்பு கால் மணி நேரம் விடும், மூச்சு ஓடும். பின்னால் நான் பார்த்த எந்த மருத்துவரும் ஆவியையோ நொச்சியையோ பழித்துப் பேசவில்லை. சாதாரணச் சளிக்கும் மூக்கடைப்புக்கும் அது நல்லதுதான் என்றார்கள். எனக்கு வந்தது சாதாரணச் சளி இல்லை, அவ்வளவுதான்.

தவறு வேறு இடத்தில் நடந்தது. மதினி வந்த அன்றே பத்தியம் சொன்னார். புளி இல்லை, தயிர் இல்லை, தலைக்குத் தண்ணீர் இல்லை. அதோடு இன்னொன்று.

"இங்கிலீசு மாத்திரையும் ஒம்பது நாளைக்கு வேணாம். நாட்டு மருந்து உள்ள இருக்கும்போது அதையும் போட்டா ஒண்ண ஒண்ணு முறிச்சிரும். ரெண்டும் கேக்காது."

"சர்க்கரை மாத்திரை மதினி."

"சர்க்கரைக்குத்தான் சீனியவே நிறுத்தியாச்சே. கருப்பட்டி ஒண்ணும் செய்யாது. எங்க கடையில சர்க்கரைக்காரங்க பூராம் அதத்தான் வாங்குறாக."

இந்தப் பேச்சை எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டிலும் கேட்கலாம். மருந்துக்கு மருந்து பகை என்பது ஒன்று, கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பது இன்னொன்று. தனித்தனியாக எத்தனையோ பேர் இவற்றை நம்பி உயிரோடு இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. ஒன்பது நாள் சர்க்கரை மாத்திரை இல்லை. நாளுக்கு மூன்று டம்ளர் கருப்பட்டி.

தெரிந்தவள்தானே, ஏன் ஒப்புக்கொண்டாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். நாளிதழில் வாரம் ஒரு முறை வீட்டு வைத்தியக் குறிப்புகள் வரும். அதைத் திருத்திப் பக்கத்தில் வைப்பது சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஒவ்வொரு குறிப்பின் கடைசி வரியும் ஒன்றுதான்: சர்க்கரை நோய் உள்ளவர்களும், மூன்று நாளில் குணம் தெரியாதவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விளம்பரம் வந்து இடம் குறைந்தால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். அந்த வரியை நான் எத்தனை முறை வெட்டினேன் என்று கணக்கில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல வரவில்லை. ஒரு மனிதர் கடையை அடைத்துவிட்டு நமக்காக வந்து அடுப்படியில் நிற்கும்போது, மாத்திரையை எடுத்து வாயில் போடுவது அவரை அவமதிப்பது போல இருந்தது. காரணம் அவ்வளவு சிறியது.

பத்தியத்தின் ஏழாம் நாள் காலையில் வலி நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை, நின்றது. கன்னத்தில் இருந்த கூழாங்கல் இல்லை. மதினி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"வலி சுத்தமா இல்ல மதினி. ஆனா கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கு. தொட்டா தெரியல."

"அப்படித்தான் இருக்கணும். பற்று நீர இழுக்குதுல்ல. மருந்து வேலை செய்யுது."

கணவர் வந்து கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வத்திருச்சு," என்றார். அன்று அவர் ஒரு வாரத்துக்குப் பிறகு மல்லிக் காட்டுக்குப் போனார். நான் நாட்குறிப்பில் 'வலி இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மருத்துவர்கள் பின்னால் விளக்கியது இது. கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு, கண்ணுக்குக் கீழே எலும்பில் உள்ள ஒரு சிறு துளை வழியாக வருகிறது. சைனஸுக்குள் இருந்தது அந்த நரம்பைத் தின்றுவிட்டது. சொல்லியனுப்ப ஆள் இல்லாததால் வலி வந்து சேரவில்லை. மேலே காய்ந்த சுக்குப் பற்று இருந்ததால் அடியில் தோல் நிறம் மாறியதையும் யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை, பத்தியத்தின் கடைசி ஆவி. போர்வைக்குள் குனிந்திருந்தேன். தும்மல் வந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஏதோ பொசுங்குகிற வாடை மட்டும் வந்தது. இலை அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் போர்வையை விலக்கினேன். கணவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தவர் எழுந்துவிட்டார்.

"தனம், எரியலையா?"

"எங்க?"

அவர் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பாத்திரத்தின் விளிம்பு இடது கன்னத்தில் அரைவட்டமாகப் பதிந்திருந்தது. பற்று உரிந்த இடத்தில் தோல் கொப்புளித்து நீர் கோத்திருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். அது வேறு யாருடைய கன்னமோ போல இருந்தது. இடது கண் இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

மதினி அடுப்படி வாசலில் நின்றார். கையில் இருந்த டம்ளரில் எனக்கான காபி இருந்தது. அதைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் ஊற்றிவிட்டு, என் சேலைகளை ஒரு பையில் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

மறுநாள் அருப்புக்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் பார்த்தார்கள். அதுவும் அப்படித்தான் காட்டியது. பிறகு மருத்துவர் பென்சில் கனமுள்ள கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டார். திரையில் நானும் பார்த்தேன். வலது மூக்குக்குள் ஈரமான இளஞ்சிவப்பு. இடது மூக்குக்குள் அடுப்புக் கரி.

அவர் குழாயை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிட வேணாம். நேரா மதுரைக்குப் போங்க. எழுதித் தாரேன். வீட்டுக்குப் போயிட்டுப் போறோம்னு கிளம்பிறாதீங்க."

"பணம் எடுக்கணும் சார்," என்றார் என் கணவர்.

"பணம் பின்னால வரட்டும். இவங்க முன்னால போகட்டும்."

மதுரையில் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காத்திருந்த மூன்று மணி நேரத்தில் என் இரத்தம் ஐந்து குழாய்களில் போனது. மூக்கிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு துணுக்கைக் காரத்தில் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நாடா போல அகலமான இழைகள் தெரிந்தன. மியூகார்மைகோசிஸ். கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை என்று செய்திகளில் அடிபட்டதே, அதுதான். கொரோனா போனதும் அதுவும் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். மண்ணிலும் மக்கிய இலையிலும் காற்றிலும் அது எப்போதும் இருக்கிறது. எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத, எதிர்ப்புச் சக்தி குன்றிய உடம்பில்தான் அது முளைக்கிறது. இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கிறது. இரத்தம் வராத இடம் செத்துக் கறுக்கிறது. பூஞ்சைக்குக் கறுப்பு நிறம் இல்லை. கறுப்பு நம் சதைதான்.

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, மருத்துவர் எங்கள் இருவருக்கும் காட்டினார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு.

"இந்த எலும்பு காகிதம் மாதிரி இருக்கும். இதுக்குப் பேரே காகித எலும்புதான். பூஞ்சை இது வரைக்கும் வந்து நிக்குது. இத தாண்டுனா கண்ணு. கண்ணத் தாண்டுனா மூளை. நாங்க இந்தக் கோட்டுலயே நிறுத்தப் பாக்கோம்."

"கண்ணு பொழச்சுருமா டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"பார்க்கலாம்," என்றார். நல்ல மருத்துவர்கள் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அறுவை மறுநாள் நடந்தது. மூக்கு வழியாகவே உள்ளே போய், கன்ன அறையிலும் கண்களுக்கு நடுவிலும் செத்த எலும்பையும் சதையையும் சுரண்டி எடுத்தார்கள். அதன் பிறகு மூன்று வாரம் ஆம்போடெரிசின் என்ற மருந்து, நரம்பு வழியாக, நாளுக்கு ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. பூஞ்சையைக் கொல்லும், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தினமும் இரத்தம் எடுத்துச் சிறுநீரக அளவைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த புட்டியை மாட்டுவார்கள். மருந்து ஏறிய அரை மணியில் குளிர் வரும். வெளியே மதுரை வெயில் காய, நான் மூன்று கம்பளிக்குள் கட்டிலோடு சேர்ந்து ஆடுவேன். கணவர் என் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருந்துச் செலவில் பாதியைக் காப்பீட்டு அட்டை ஏற்றது. மீதிக்கு மதினி தன் கடையை ஒத்திக்கு வைத்தார். எங்களிடம் சொல்லாமல் வைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் காரியாபட்டிப் பக்கத்து எஸ்தர் அக்கா இருந்தார். அறுபது வயது. அதே நோய். பல்வலி என்று கிராம்பு எண்ணெய் வைத்து இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்தவர். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கைக்குட்டையை முடிச்சுப் போட்டு அதன் மேல் கட்டிக்கொள்வார். முதல் நாள் அவர் பக்கம் திரும்பவே எனக்குத் துணிவில்லை. அதை அவர் கவனித்திருக்கிறார்.

"பயப்படாத, பாரு. ஒரு கண்ணு போனதுல மருமக செய்ற கூத்துல பாதிதான் தெரியுது. ஆண்டவர் அறிஞ்சுதான் செய்றாரு."

அவருடைய மருமகள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "மீதிப் பாதிய நான் எடுத்துச் சொல்றேன் அத்தை, கவலைப்படாதீக," என்றாள்.

என் இடது கண்ணை நானே அளந்துகொண்டேன். தினமும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நாளிதழைக் கை தூரத்தில் பிடிப்பேன். அறுவை முடிந்த இரண்டாம் நாள் செய்தி எழுத்து கரைந்தது. நான்காம் நாள் துணைத் தலைப்பு போனது. ஆறாம் நாள் பெரிய தலைப்பின் எழுத்துகள் கறுப்புக் கட்டைகளாக நின்றன. அந்தக் கட்டைகளும் போனால் என்ன செய்வார்கள் என்பது எஸ்தர் அக்காவின் கைக்குட்டையில் இருந்தது. பத்தாம் நாள் கட்டைகள் அப்படியே இருந்தன. பதினைந்தாம் நாள் ஒரு தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தேன், வெங்காய விலை பற்றியது. கணவர் நர்ஸைக் கூப்பிட்டு அவள் முன்னால் அதை என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

நான்காவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்சுலின் ஊசி, மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை கொதித்து ஆறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவர் என் கணவரை முன்னால் உட்காரச் சொன்னார்.

"காலையில எந்திரிச்சதும் மூணு காரியம். டார்ச் அடிச்சு மேலண்ணத்துல கறுப்பு இருக்கான்னு பார்க்கணும். மூக்குல கறுப்பா வருதான்னு பார்க்கணும். ஒரு ஊக்க வச்சு ரெண்டு கன்னத்துலயும் லேசா குத்திப் பார்க்கணும். இடது பக்கம் இனிமே தெரியாது. வலது பக்கம் தெரியணும். தெரியலைன்னா அன்னைக்கே வரணும்."

மதினிக்கு இதைச் சொன்னபோது, "நான் குத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். கணவர் வேண்டாம் என்றார். மதினி அன்றே பாளையம்பட்டிக்குப் போய்விட்டார். பிறகு வாரம் ஒரு முறை போன் செய்து, "சர்க்கரை எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார். எண்ணைச் சொன்னதும் வைத்துவிடுவார்.

கணவருக்கு ஊக்குப் பிடிக்க வரவில்லை. ஆட்டுக் குளம்பில் முள் எடுக்கிறவர், என் கன்னத்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"தெரியுதா?"

"தெரியல."

"இது?"

"தெரியுது."

நாற்பது நாட்கள் இந்தப் பேச்சோடுதான் விடிந்தது. நாற்பத்தோராம் நாள், "இது?" என்றார். நான் காத்திருந்தேன்.

"குத்துனீகளா?"

கண்ணைத் திறந்தேன். ஊக்கு அவர் கையில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. "சேலைய மாத்து," என்றார்.

குளிக்காமல், சாப்பிடாமல் அருப்புக்கோட்டை வந்து மதுரை பஸ்ஸில் ஏறினோம். காரியாபட்டி வந்தது. அங்கே பஸ் நின்றிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் அழுத்திக் குத்தல."

"என்ன சொல்றீக?"

"ஊக்கு பட்டுச்சா படலையான்னே தெரியல. கை நடுங்கிருச்சு."

"இத வீட்டுலயே சொல்லிருக்கலாம்ல."

"சொல்லி, நெசமாவே பட்டிருந்து உனக்குத் தெரியாமப் போயிருந்தா?"

சட்டைப் பையில் ஊக்கு இருந்தது. வாங்கி நானே வலது கன்னத்தில் குத்தினேன். சுரீரென்றது. ஒரு சொட்டு இரத்தம் வந்தது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கன்னம் நன்றாக இருந்தது. இறங்கி அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியிருக்கலாம். அடுத்த சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"எறங்குவமா?" என்றார்.

"வந்தது வந்துட்டோம்."

மருத்துவர் நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். பிறகு கேமராவை வலது மூக்கில் விட்டார். "சுத்தமா இருக்கு அய்யா. நிம்மதியா இருங்க." இடது மூக்குக்கு மாற்றினார். ஆறிய சதை, உப்பு நீரில் கழுவிய சதை, எல்லாம் இளஞ்சிவப்பாகவே வந்தது. மேலே, கண்ணை ஒட்டிய மூலையில் குழாய் நின்றது. திரும்பிப் போய் மறுபடி அங்கேயே வந்து நின்றது. மருத்துவரின் சிரிப்பு போய்விட்டது. திரையில் ஒரு கடுகளவு கறுப்பு.

அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி இல்லை. எந்த ஊக்கும் அதைச் சொல்லியிருக்காது. மூன்று வாரம் கழித்து வந்திருந்தால் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று கேட்டேன். அதை எதற்குக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றார்.

அது நான்கு நாளுக்கு முன்பு. துணுக்குச் சோதனையில் இழைகள் மறுபடி தெரிந்தன. ஸ்கேனில் அந்த மெல்லிய வெள்ளைக் கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது. இதை வார்டில், சொட்டு மருந்துக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் சர்க்கரை உள்ள யாராவது ஒரு பக்கம் மட்டும் மூக்கு அடைத்து உட்கார்ந்திருந்தால் இதைப் படிக்கட்டும். ஆவி பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். கன்னம் மரத்தால் அன்றே பஸ் ஏறுங்கள். வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்று காலை படிவம் வந்தது. கண்குழியைத் திறந்து பார்ப்பார்கள். கண்ணைச் சுற்றிய தசை கறுத்திருந்தால் கண்ணை எடுத்துவிடுவார்கள். பாதியில் எழுப்பிக் கேட்க முடியாது என்பதால் முன்கூட்டியே சம்மதம் வேண்டும். பழைய வழக்கத்தில் இரண்டு முறை படித்தேன். ஓரிடத்திலும் திருத்த ஒன்றுமில்லை. கையெழுத்திட்டேன். சாட்சிக்குக் கணவர் போட வேண்டும். அவர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மரத்துப்போச்சுன்னு நீ சொன்ன அன்னைக்கு நான் காட்டுக்குப் போனேன்," என்றார்.

"நானும்தான் நல்லாயிருச்சுன்னு எழுதி வச்சேன். போடுங்க."

போட்டார். எழுத்து கோணலாக இருந்தது.

மாலையில் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி நீல மார்க்கர் பேனாவோடு வந்தாள். அறுவை செய்யும் பக்கத்தில் அம்புக்குறி போட வேண்டுமாம். கேஸ் தாளைப் பார்த்தாள், கைப்பட்டையில் பெயரைச் சரிபார்த்தாள். கணவர் இடது பக்கத்தைக் காட்டக் கையைத் தூக்கினார். அவள் தடுத்தாள்.

"நீங்க சொல்லக் கூடாது அய்யா. அவங்க வாயால அவங்கதான் சொல்லணும். அதான் விதி." என் பக்கம் திரும்பினாள். "எந்தக் கண்ணும்மா?"

ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தேன். இரண்டு நர்ஸ்கள், ஒருத்தி மேல் ஒருத்தி லேசாகச் சாய்ந்து, இரண்டு பேனாக்களோடு நின்றார்கள்.

"இடது," என்றேன்.